குவாலிஸ் பின்பக்கம் புகை, கருகின வாடை: இருக்கிற ஆக்ஸிலை சரி பண்றதா, பழைய அசம்பிளி வாங்கி மாட்டறதா?

கொடைக்கானல்ல இருந்து குடும்பத்தோட இறங்கி வந்துட்டு இருந்தோம், டம்டம் பாறை தாண்டினதும் பின் சீட்ல இருந்த அம்மா "என்னமோ கருகுற வாடை வருதுடா"ன்னாங்க. எறங்கிப் பார்த்தா இடது பின் வீல்ல இருந்து புகை லேசா வந்துட்டு இருக்கு. வண்டி 2004 மாடல் குவாலிஸ், 2.4 டீசல். தண்ணி பாட்டிலை எடுத்துட்டு ஓடி வந்த தம்பியை தடுத்துட்டேன், கொதிக்கிற டிரம்ல தண்ணி பட்டா வெடிப்பு விழும். முக்கால் மணி நேரம் ஆற விட்டு மெதுவா காமக்காபட்டி வரைக்கும் இறக்கிட்டோம்.

அடுத்த நாள் காட்டின ஒர்க்‌ஷாப்ல வீலைக்கூட கழட்டாம "ஆக்ஸில் போச்சு சார், புதுப்பேட்டையில இருந்து முழு அசம்பிளி வரவழைச்சிடலாம்"னு சொன்னாங்க. புதுப்பேட்டைன்னா சென்னையில பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற இடம்; அசம்பிளின்னா ரெண்டு பின் வீலுக்கும் நடுவுல இருக்கிற ஹவுசிங், உள்ள இருக்கிற ஷாஃப்ட், பல்சக்கரம் எல்லாம் சேர்ந்த முழு ஆக்ஸில், வேற வண்டியில இருந்து கழட்டினது. எனக்கு மனசு ஒப்பல. வழக்கமா பார்க்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன், கடைசியில இருக்கிற ஆக்ஸிலையே சரி பண்ணினேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல புகை எங்க இருந்து வருதுன்னு தெரியாம எதுக்கும் காசு போடாதீங்க. சமவெளி ரோட்ல பிரேக் அதிகம் மிதிக்காம ஒரு 15, 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்க, கையை வைக்காம ரெண்டு பக்க டிரம்லயும் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் குண்டுலயும் (ரெண்டு வீலுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கிற பல்சக்கரம் இருக்கிற இடம்) ரெண்டு சொட்டு தண்ணி மட்டும் தெளிச்சுப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் சுர்ருனு கொதிச்சா அந்தப் பக்க பிரேக் ஷூ பிடிச்சிருக்கு, இல்ல வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள், பேரிங் இதுல ஒண்ணு. நடு குண்டு கொதிச்சா ஆயில் குறைஞ்சிருக்கு, இல்ல பினியன் (அந்தக் குண்டுக்குள்ள சுழற்சியை கொண்டு போற சின்ன பல்சக்கரம்) பேரிங் இறுகியிருக்கு. வாடையும் சொல்லிடும். லைனர், அதாவது பிரேக் ஷூ மேல ஒட்டியிருக்கிற உராயுற பட்டை, கருகினா மூக்குல ஏறுற காரமான வாடை. கியர் ஆயில்ல கந்தகம் கலந்த மருந்து இருக்கிறதால சூடானா அழுகின முட்டை மாதிரி நாறும், ஒரு தடவை மோந்தா மறக்காது. சைலன்சர் பைப்ல ஆயில் சொட்டினாலும், பாலிதீன் பை ஒட்டி உருகினாலும் புகை அங்க இருந்துதான் வர்ற மாதிரி தெரியும், அதையும் குனிஞ்சு பார்த்துடுங்க.

டிரம் உள்ள ஈரமா இருந்தா அது பிரேக் ஆயிலா கியர் ஆயிலான்னு கண்டுபிடிக்க ஒரு சொட்டை தண்ணியில விட்டுப் பாருங்க. பிரேக் ஆயில் தண்ணியோட கலந்துடும், கியர் ஆயில் மேல மிதக்கும். எங்க வண்டியில மிதந்துச்சு. ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற கியர் ஆயில், அதைத் தடுக்கிற ஆயில் சீலைத் தாண்டி வந்து ஷூவை நனைச்சிருக்கு, மலை இறக்கத்துல சூடானதும் அந்த ஆயில் தான் புகைஞ்சது. ஆக்ஸில் போகல, சீல் தான் போச்சு.

இப்ப அசம்பிளி பக்கம். அதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். யூ போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸ்ல இருந்து பின்னாடி வர்ற நீள ஷாஃப்ட்), பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் கழட்டி மாட்டினா ஒரே நாள்ல வண்டி கைக்கு வந்துடும். எனக்கு மூணு நாள் ஆச்சு. டாக்சி ஓட்டுறவங்களுக்கு மூணு நாள் சவாரி போனா பெரிய அடி தான். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ரேஷியோ (வீல் ஒரு சுத்து சுத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு) பார்க்கணும், கிரௌன்ங்கிற பெரிய பல்சக்கரத்தோட பல்லு எண்ணிக்கையை பினியன் பல்லால வகுத்தா வரும், 41க்கு 10னா 4.1. உங்க வண்டியோடது தெரியலன்னா மத்த வீலுக்கெல்லாம் கட்டை வச்சு, கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, ஒரு பின் வீலை மட்டும் தூக்கி ரெண்டு சுத்து சுத்துங்க, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. தப்பினா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், இழுவையும் மாறிடும்.

எனக்கு முடிவா நின்னது கிரௌன் பினியன் விஷயம் தான். அது ரெண்டும் ஃபேக்டரியிலயே ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சு ஜோடியா வர்றது. பல்லு பல்லுல எங்க படணும், எவ்வளவு இடைவெளி இருக்கணும்ங்கிறதை ஷிம்ங்கிற மெல்லிசான தகடு போட்டு நூல் பிடிச்ச மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. எங்க வண்டி ஜோடி இருபது வருஷமா ஒரு சத்தம் போடல. டிரெயின் போல்ட் காந்தத்துல மாவு மாதிரி கறுப்பு பேஸ்ட் மட்டும் ஒட்டியிருந்துச்சு, அது சாதாரணம், சில்லு சில்லா இரும்பு இருந்தா தான் கவலைப்படணும். இப்படி நல்லா இருக்கிற ஜோடியை தூக்கிப் போட்டுட்டு, எவ்வளவு லோடு இழுத்துச்சு, ஆயில் இல்லாம எத்தனை மாசம் ஓடுச்சுன்னு எதுவுமே தெரியாத ஒண்ணை எதுக்கு மாட்டணும்? வெளிய கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா புதுசு மாதிரி தான் தெரியும். கையால சுத்திப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. 60க்கு மேல போகும்போது ஊய்ங்னு ஊளை விடும்போது தான் தெரியும், அப்ப பில்லும் இருக்காது, திருப்பியும் எடுத்துக்க மாட்டாங்க. எங்க மச்சான் சுமோவுக்கு இப்படி மாட்டி ரெண்டாவது மாசமே திரும்ப இறக்கினாரு. அது ஒரு வண்டி கதை தான், எல்லா அசம்பிளியும் அப்படின்னு சொல்லல, நான் சொந்தமா மாட்டி ஓட்டினதும் இல்ல.

நாங்க செஞ்சது: ரெண்டு பக்கமும் ஆயில் சீல், இடது பக்க பேரிங், பிரேக் ஷூ முழு செட். ஆயில் குடிச்ச ஷூவை பெட்ரோல்ல கழுவி மாட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சூடானதும் உள்ள இருக்கிற ஆயில் திரும்ப கசியும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும். பேரிங்கை பிரஸ்ல வச்சு தான் ஏத்தணும், சுத்தியல் வேண்டாம். சீல் உக்கார்ற இடத்துல ஷாஃப்ட்டை நகத்தால தடவிப் பாருங்க, பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் கசியும். டிரம் தூசியை காத்து அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

எல்லாத்தையும் விட முக்கியமா, ஆக்ஸில் ஹவுசிங் மேல சின்னதா ஒரு பிரீதர், அதாவது காத்துப் போக்கி, இருக்கும், அதை கழட்டினா எங்களுதுல சேறு காஞ்சு அடைச்சு கிடந்துச்சு. மலையில சூடாகி உள்ள காத்து விரியும்போது வெளிய போக வழி இல்லாம ஆயிலை சீல் வழியா தள்ளியிருக்கு. இதைப் பார்க்காம புது சீல் போட்டிருந்தாலும் அடுத்த மலையில இதே புகை தான், அசம்பிளி மாட்டியிருந்தாலும் அதோட பிரீதர் பெயின்ட்ல அடைச்சிருந்தா அதே கதி தான். ஜிஎல் 5 தர கியர் ஆயில் நிரப்பும்போது வண்டி சமமா நிக்கட்டும், ஃபில்லர் ஓட்டை விளிம்பு வரைக்கும் போதும், அதிகமா ஊத்தினாலும் சீல் தான் அடி வாங்கும்.

செலவு அசம்பிளிக்கு சொன்ன விலையில பாதியைத் தொடல. அப்புறம் ரெண்டு தடவை கொடைக்கானல் போயிட்டு வந்துட்டோம், இறங்கினதும் டார்ச் அடிச்சு டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற பேக்கிங் பிளேட்டை பார்த்தேன், காஞ்சு தான் இருக்கு. ஆக்சிலேட்டர் மிதிச்சா ஒரு சத்தம், விட்டா வேற சத்தம்னு உங்க வண்டி ஊளை விட்டுட்டு இருந்தா, காந்தத்துல சில்லும் வந்தா, அந்த ஜோடி முடிஞ்சுது. அப்பவும் முழு அசம்பிளிக்குப் போறதுக்கு முன்னாடி கிரௌன் பினியன் உக்கார்ற நடு கேரியரை மட்டும் இறக்கி புது கிரௌன் பினியன் செட் போட உங்க ஊர்ல கை தேர்ந்த ஆள் இருக்காரான்னு விசாரிங்க. அப்படி ஆள் கிடைக்கலன்னா மட்டும் தான் நான் அசம்பிளியை யோசிப்பேன்.