துப்பாக்கியின் மேல்பாதியை (அப்பரை) மட்டும் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள் (240 டாலர் போச்சு)

240 டாலர். ஒரு ரப்பர் துண்டுக்கும் கொஞ்சம் மார்க்கர் மைக்கும் நான் கொடுத்த விலை. என் துப்பாக்கியின் ஆட்டத்தைச் சரிசெய்யக் கொடுத்த பட்டறையிலிருந்து இன்று சாயங்காலம் "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஏமாறாமல் எப்படிச் செய்துகொள்வது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கிறேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன். (வேலை விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, உங்களுக்கு மத்தியச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.) சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போவேன், 100 கஜத்தில் காகிதத்தைச் சுடுவேன், வீட்டுக்கு வந்து துடைத்துப் பூட்டி வைப்பேன். அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு.

தெரியாதவர்களுக்காக: இந்தத் துப்பாக்கி இரண்டு பாதி. மேலே அப்பர், குழல், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்), ஸ்கோப் எல்லாம் அதில். கீழே லோயர், ட்ரிகர், கைப்பிடி, தோள்கட்டை, மேகசின் (தோட்டாக் கூடு) நுழையும் வாய் எல்லாம் இதில். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கால் அங்குலத் தடிமனில் 'பின்' என்ற உலோக ஆணி இரண்டு இவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒரு கம்பெனியின் அப்பர் இன்னொரு கம்பெனியின் லோயரிலும் உட்கார வேண்டும் என்பதால் அளவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்வார்கள். அதனால் லேசான ஆட்டம் பலருடையதிலும் இருக்கும். என்னுடையதில் அது லேசாக இல்லை. கன்னத்தைத் தோள்கட்டையில் அழுத்தினால் பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆறு மாதம் கேட்டுக் கேட்டு அது என் காதிலேயே குடியேறிவிட்டது.

அப்போதுதான் இந்தப் பட்டறை கண்ணில் பட்டது. வலைத்தளத்தில் மட்டும் இயங்குவது, தபாலில் வேலை வாங்கித் தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள், கார்டு கம்பெனியில் புகார் போய்க்கொண்டிருக்கிறது. 'துல்லியப் பொருத்தம்', 240 டாலர், 10 நாளில் கையில். போட்டோ எல்லாம் பளபளவென்று இருந்தது.

சும்மா பணத்தைக் கட்டிவிடவில்லை. போன் செய்தேன். எடுத்தவர் வயதான குரல், அவசரமே இல்லாத பேச்சு. இருபது நிமிஷம் பேசினார். 100 கஜத்தில் எவ்வளவு குரூப் வருகிறது, அதாவது குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குள் விழுகின்றன என்று கேட்டார். 2 அங்குலம் என்றேன். "அதில் பாதி அந்த ஆட்டத்தால் வருவது" என்றார். அப்புறம் சொன்னார்: "லோயரை அனுப்பாதீர்கள். சட்டப்படி துப்பாக்கி என்பது சீரியல் எண் உள்ள லோயர்தான். அது ராத்திரி எங்களிடம் தங்கினால் ஏட்டில் பதிய வேண்டும். அப்பர் வெறும் உதிரிபாகம், சாதாரணப் பார்சலில் போடுங்கள்."

போனை வைத்ததும் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. லோயர்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி, அப்பருக்குப் பதிவு எதுவும் இல்லை. அங்கேதான் நான் விழுந்தேன். ஒரு உண்மையைக் கையில் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் விழுங்க வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். ஆட்டம் என்பது இரண்டு பாகத்துக்கு நடுவில் இருக்கிறது. கதவை மட்டும் தச்சரிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் நிலைக்கு இடைவெளி இல்லாமல் இழைத்துத் தாருங்கள் என்றால் எப்படி முடியும்? இதை நானே கேட்டேன். "எங்களிடம் மாஸ்டர் லோயர் இருக்கிறது, அதில் வைத்துப் பார்ப்போம்" என்றார். சரி என்றுவிட்டேன். அந்தச் 'சரி'யின் விலைதான் 240 டாலர். பிறர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்ய மத்திய அரசு உரிமம் வேண்டும். லோயரே வேண்டாம் என்றவரிடம் அந்த உரிமம் இருந்ததா என்ற சந்தேகம் எனக்கு இப்போதுதான் வருகிறது.

10 நாள் 37 நாள் ஆனது. பார்சலைப் பிரித்தேன். அப்பரின் பின்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காது உண்டு, பின்பக்கத்து ஆணி அதன் துளை வழியாகத்தான் போகும். அந்தக் காதின் இரண்டு பக்கமும் மற்ற இடத்தைவிடக் கருப்பாக இருந்தது. துடைக்கும் துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். கருப்பு துணிக்கு வந்துவிட்டது. மார்க்கர். அடியில் வரிசையாக ஏழு குழி, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தது. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உலோகம் விளிம்பு கட்டி எழும்பி, வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மேலே இருந்த கடினமான அனோடைஸ் பூச்சு அந்த இடத்தில் உடைந்தே போயிருந்தது. இதுதான் துல்லியப் பொருத்தம்! கூடவே சின்ன ஜிப் பையில் சிவப்பு ரப்பர் ஆப்பு ஒன்று. எந்தத் துப்பாக்கி உதிரிபாகக் கடையிலும் சில டாலருக்குக் கிடைப்பது. பில்லில் அதற்குப் பெயர் 'அதிர்வு கட்டுப்பாட்டுப் பாகம்'.

என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். குழியைப் பார்ப்பதற்கு முன்பே, மாட்டிப் பார்த்த அன்றைக்கு, ஆட்டம் இல்லாமல் கெட்டியாக இருந்தது. பின்பக்கத்து ஆணியை பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற முடிந்தது. சந்தோஷத்தில் "நன்றி, அருமை" என்று மின்னஞ்சல் வேறு அனுப்பினேன். ரேஞ்சில் 60 ரவுண்டு (தோட்டா) சுட்டு, மூன்று தடவை கழற்றி மாட்டியதும் எழும்பியிருந்த விளிம்பெல்லாம் தேய்ந்து படிந்துவிட்டது. மறுபடியும் 'டொக்'. அதற்குப் பிறகுதான் துணியை எடுத்துத் தேய்த்தேன்.

குரூப்? கெட்டியாக இருந்த அன்றைக்கும் அதே 2 அங்குலம். குழல் அப்பரில், போல்ட் அப்பரில், குறி பார்க்கும் ஸ்கோப்பும் அப்பரில். லோயர் ஆடினாலும் குறிக்கும் குழலுக்கும் நடுவில் எதுவும் மாறுவதில்லை. கைக்கு எரிச்சலாக இருக்கும், மணல் மூட்டையில் வைத்துச் சுடும்போது பிடி ஒரே மாதிரி அமையாது, அந்த அளவுக்குத்தான் பாதிப்பு. போன வாரம் போட்டிக்கென்று துல்லியமாகச் செய்யும் நல்ல மேட்ச் ரவுண்டு வாங்கிச் சுட்டேன், ஆட்டத்தோடேயே 1.25 அங்குலம் வந்தது.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் போன்: வேலை செய்தவர் விடுமுறையில், இரண்டு வாரம் கழித்துப் பேசுங்கள். இரண்டு வாரம் கழித்து: உங்கள் லோயர்தான் அளவு தப்பு, எங்கள் மாஸ்டர் லோயரில் கச்சிதமாக இருந்தது. போட்டோ அனுப்பினேன்: அது வேலை முறையின் ஒரு பகுதி, தேய்வது இயல்பு. பணத்தைக் கேட்டேன்: வாடிக்கையாளரின் பாகத்தில் செய்த வேலைக்குப் பணம் திரும்பாது, ஆனால் போகவர 28 டாலர் தபால் செலவு கட்டினால் மறுபடி அடித்துத் தருகிறோம். அடித்துத் தருகிறார்களாம்! அந்த வயதான குரல் மட்டும் அப்புறம் ஒரு தடவைகூட லைனுக்கு வரவில்லை. கடைசியில் என்னுடைய "நன்றி, அருமை" மின்னஞ்சலையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இழுத்தடிப்பு எதற்கு என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கிரெடிட் கார்டில் கட்டிய தொகையை, சொன்னபடி வேலை நடக்கவில்லை என்று மறுக்க வேண்டுமானால், 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். பணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள், 37 நாள் வேலை, அப்புறம் விடுமுறை, அப்புறம் லோயர் அளவு. நான் எழுதியபோது 64-வது நாள். கார்டு கம்பெனிப் பெண் "பரிசீலிக்கிறோம், உறுதி சொல்ல முடியாது" என்கிறார். அந்த நாலு நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 240 டாலர் போனதுகூட அப்புறம்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது மணி ஒன்று, கை ஓடவில்லை. சுருக்கமாக: ஆட்டம் தொந்தரவாக இருந்தால் முதலில் அந்த ரப்பர் ஆப்பையே வாங்கி லோயரின் பின்பள்ளத்தில் வையுங்கள், பின்பக்கத்து ஆணி ஏறவில்லை என்றால் ஆப்பைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். அப்பரின் முன்பக்கக் காதில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டும் பார்க்கலாம். சில லோயரில் கைப்பிடிக்குள் நைலான் முனை வைத்த இறுக்கு திருகு இருக்கும், இருந்தால் அதுவே போதும். எதைத் தொடுவதற்கு முன்பும் மேகசினை எடுத்துவிட்டு குழலின் தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். அலுமினியத்தில் யாரையும் பஞ்ச் அடிக்க விடாதீர்கள். ஆட்டம் போனால் குரூப் பாதியாகும் என்பவரிடம் போனை வைத்துவிடுங்கள். வேலை சரியா என்று நாலு தடவை பார்க்காமல் நன்றி எழுதாதீர்கள். 60 நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

காலை 9 மணிக்குக் கார்டு கம்பெனிக்கு மறுபடி போன் போடணும். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் புகார்ப் படிவமும் பாதி நிரப்பியபடி கிடக்கிறது. 'இழந்த தொகை' என்ற கட்டத்தை மட்டும் முதலிலேயே நிரப்பிவிட்டேன்.