பழைய கார் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: "ஒயரிங் கிட் (வண்டியோட மொத்த ஒயர் கட்டு) மாத்தணும்"னா உடனே பணத்தை எடுக்காதீங்க

18,500 ரூபா போச்சுங்க. வயிறு எரியுது. கடை பேர் போடல, மெயின் ரோட்ல வரிசையா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைங்க இருக்கும்ல, அதுல ஒண்ணு.

வண்டி அப்பாவோட 99 மாடல் மாருதி 800. இன்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்கும், நாலு நாள் எடுக்காம விட்டா பேட்டரி இறங்கி செல்ஃப் எடுக்காது.

கடைக்காரர் பேச்சு அவ்ளோ தன்மை. டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டு ஒரு ஒயரை இழுத்து என் கண்ணு முன்னாடியே வளைச்சாரு, மேல் பிளாஸ்டிக் பொரபொரன்னு உதிர்ந்துச்சு. "தம்பி, குடும்பத்தோட போற வண்டி, எப்ப வேணா தீப்பிடிக்கும், என் புள்ளையா இருந்தா கிட் மாத்தாம வெளிய விடமாட்டேன்"னாரு. அப்பாவும் அம்மாவும் போற வண்டியாச்சே, அந்த ஒரு வார்த்தைக்கு மேல நான் என்ன யோசிக்க? புது கிட், லேபர் எல்லாம் சேர்த்து 18,500, அங்கயே ஜீபே பண்ணேன். பில்லு வண்டி எடுக்கும்போது தர்றேன்னாரு, இன்னைக்கு வரைக்கும் தரல.

வண்டி வந்த வாரமே திரும்ப அதே மினுக்கல், அதே பேட்டரி டவுன். போன் பண்ணா "பேட்டரி வீக்கு". பேட்டரி கடைல செக் பண்ணி நல்லாருக்குன்னு சொன்னா "அப்போ டைனமோ". டைனமோ சரியா சார்ஜ் பண்ணுதுன்னு காட்ட, வண்டி ஓடும்போது 14 வோல்ட் காட்டுற வீடியோ அனுப்பினேன், பார்த்துட்டு பதிலே இல்ல. அப்புறம் பையன் போனை எடுத்து "ஓனர் ஊர்ல இல்ல"ங்கறான், பின்னாடி அவரு குரல் கேக்குது! நேர்ல போனா, தம்பி தம்பின்னு கூப்பிட்ட அதே ஆளு "சார், பழைய வண்டின்னா அப்படித்தான், கஸ்டமர் நிக்கறாங்க, அப்புறம் வாங்க"ங்கறாரு.

வேற ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட காட்டினேன். ஹெட்லைட்டை போட்டுட்டு மல்டிமீட்டர்ல ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ண பாடிலயும் வச்சாரு, 1 வோல்ட்டுக்கு மேல காட்டுது, கிட்டத்தட்ட ஜீரோ இருக்கணுமாம். பேட்டரி நெகட்டிவை பாடியோட இணைக்கிற எர்த் ஒயர் போல்ட்டை கழட்டினா அடியில பச்சையா பூத்துக் கிடக்கு. உப்புத்தாள் போட்டு தேச்சு டைட் பண்ணாரு, மினுக்கல் போச்சு. வண்டி ஆஃப்ல இருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுக்கணும், என் வண்டி 400 இழுக்குது, பியூஸை ஒவ்வொண்ணா உருவிப் பார்த்தா ஸ்டீரியோ லைன்தான் இழுக்குது. மொத்தம் வாங்கினது 600 ரூபா. 18,500 எங்க, 600 எங்க?

இதவிடக் கொடுமை, அந்த "புது" கிட்டோட டேப்பை பிரிச்சா உள்ள பழைய ஒயரை முறுக்கி ஜாயின்ட் போட்டிருக்கான், 10 ஆம்ப் பியூஸ் இடத்துல 30 ஆம்ப். பியூஸ் போறதுக்கு முன்னாடி ஒயரே எரியும். தீப்பிடிக்கும்னு என்னை பயமுறுத்தின ஆளு செஞ்ச வேலை இது!

சுருக்கமா சொல்லிடறேன்: மீட்டர் வச்சுப் பாக்காம கிட்டுன்னு சொன்னா கிளம்பிடுங்க. கழட்டின பழைய கிட்டை கேட்டு வாங்குங்க. பியூஸ்ல இருக்க நம்பரை பாருங்க. பில் இல்லாம பணம் அனுப்பாதீங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல போட்டிருக்கேன், பில் இல்ல, ஜீபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கு. இத வச்சு யாராச்சும் பணத்தை திரும்ப வாங்கியிருந்தா எப்படின்னு சொல்லுங்க, 18,500ஐ விடறதா இல்ல.