கார்பன் ரோடு பைக்: முழு வண்டியாக வாங்குவதா, ஃபிரேமைத் தருவித்துக் கட்டுவதா?

கார்பன் ரோடு பைக் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஜயண்ட், மெரிடா, டிரெக் போன்ற நிறுவனங்களின் முழு வண்டியை உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்குவது முதல் வழி. வின்ஸ்பேஸ், யோலியோ போலத் தம் பெயரிலேயே இணையம் வழியாக நேரடியாக விற்கும் சீன நிறுவனங்களிடமிருந்து ஃபிரேமை மட்டும் தருவித்து, மற்ற பாகங்களைத் தேடிச் சேர்த்துக் கட்டுவது இரண்டாவது. அச்சைத் தொழிற்சாலையே வைத்துக்கொண்டு, கேட்பவர் விரும்பும் பெயரை எழுதியோ எழுதாமலோ விற்கும் ‘ஓப்பன் மோல்டு’ ஃபிரேமை வாங்கிக் கட்டுவது மூன்றாவது. இவற்றை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் கிராம் கணக்கில் தொடங்கி ரூபாய்க் கணக்கில் முடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்தாமல் போனாலோ, ஃபிரேமிலேயே குறை இருந்தாலோ, அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது? முழு வண்டியில் அது நிறுவனத்துடையது. மூன்றாவது வழியில் ஏறக்குறைய முழுவதும் நம்முடையது. விலை வேறுபாட்டில் கணிசமான பங்கு இந்தப் பொறுப்புக்கு நாம் கொடுக்கும் கூலிதான்.

‘சீனத்து ஃபிரேம்’ என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜயண்ட், மெரிடா இரண்டுமே 1972இல் தைவானில் தொடங்கியவை. மேற்கத்தியப் பெயர் தாங்கிய கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாகத் தைவானிலும் சீனத்திலும்தான் செய்யப்படுகின்றன. 2025இல் எக்ஸ்டிஎஸ் அஸ்தானா அணி, உலகின் முதல்நிலைப் பந்தயங்களில், எக்ஸ்-லேப் என்ற சீன நிறுவன வண்டியிலேயே ஓடியது. ஆகவே எந்த நாட்டில் செய்தது என்பது தரத்துக்கு அளவுகோல் ஆகாது. விற்பனைப் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் ‘டி700’, ‘டி800’ என்பவையும் அப்படித்தான். அவை டோரே நிறுவனத்துக் கார்பன் இழைகளின் தரக் குறியீடுகள். டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800இன் விறைப்பு 294. ஆனால் ஃபிரேமின் வலிமை, இழை அடுக்குகளை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை வைத்தார்கள் என்பதையும், அச்சுக்குள் அழுத்தம் சீராகக் கிடைத்து மடிப்பும் காற்றுக்குமிழியும் இல்லாமல் பிசின் இறுகியதா என்பதையும் பொறுத்தது. நல்ல இழையை மோசமாக அடுக்கினால் மோசமான ஃபிரேம்தான் கிடைக்கும். அதைக் குறியீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பெரிய நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதை வாங்கித் தருகிறது? குறையே இல்லாத வண்டியை என்று சொன்னால் அது உண்மையாகாது. 2021 மார்ச் மாதம் பெல்ஜியத்தில் நடந்த லெ சாமின் பந்தயத்தில் பந்தய வீரர் மாத்தியூ வான் டெர் பூலின், கேன்யன் நிறுவனத்து ஏரோடு வண்டியில் ஹேண்டில்பார் ஓடும்போதே உடைந்தது. நிறுவனம் உடனே அந்த மாதிரி வண்டி வைத்திருந்தவர்களை ஓட்ட வேண்டாம் என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே ஹேண்டில்பாருக்குப் போகும் ஸ்டீரர் குழாயில் விரிசல் விழக்கூடும் என்பதால் டார்மாக் எஸ்எல்7 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டும் உச்ச விலை வண்டிகள். ஆனாலும் குறை தெரிந்ததும், யாரிடம் எந்த வண்டி இருக்கிறது என்று தேடிச் சொல்லவும், மாற்றுப் பாகம் கொடுக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓப்பன் மோல்டு ஃபிரேமில் இதே விரிசல் வந்தால் உலகில் வேறு எத்தனை பேருக்கு வந்தது என்பதே நமக்குத் தெரியாது. பெயர் உள்ள சீன நிறுவனங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன: உத்தரவாதம் எழுத்தில் இருக்கும், ஆனால் உடைந்த ஃபிரேமின் படங்களை அனுப்பி, மாற்று ஃபிரேமுக்கு மறுபடியும் சுங்கம் கட்டிப் பெறுவது நம் பாடு.

சோதனைச் சான்றுகளைப் பற்றியும் ஒரு சொல். ஐஎஸ்ஓ 4210 என்பது சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம். விற்பவரிடம் அதன் சோதனை அறிக்கையைக் கேட்கலாம், அதில் உள்ள மாதிரி எண் நாம் வாங்கும் ஃபிரேமுடையதுதானா என்று பார்க்க வேண்டும். சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமான யுசிஐ 2011 முதல் ஃபிரேம்களுக்கு வழங்கும் ஒப்புதல் முத்திரையைச் சிலர் வலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல், வடிவமும் அளவுகளும் பந்தய விதிக்கு உட்பட்டவையா என்பதைப் பற்றியது. பந்தயம் ஓடாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

விலைக்கு வருவோம். ஓப்பன் மோல்டு ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து ஏறத்தாழ 500 அமெரிக்க டாலருக்கே கிடைக்கும்போது, முழு வண்டிக்குச் சில லட்சம் கேட்கும் கடைக்காரர் ஏமாற்றுவதாகவே தோன்றும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. இந்தியாவுக்குத் தருவித்தால் சுங்க வரி ஃபிரேமின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகிறது, அந்த வரியையும் சேர்த்த மொத்தத்தின்மேல் ஐஜிஎஸ்டி வருகிறது. விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது: சுங்க அதிகாரி மதிப்பைத் திருத்தினால் பெட்டி அங்கேயே கிடக்கும், வழியில் உடைந்தாலோ எழுதிய குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். இதற்குப் பிறகுதான் பெரிய செலவே தொடங்குகிறது. முழு வண்டி செய்யும் நிறுவனம் பாகத் தயாரிப்பாளரான ஷிமானோவிடம் குரூப்செட்டை, அதாவது கியர், பிரேக், கிராங்க் அடங்கிய தொகுதியை, ஆயிரக்கணக்கில் மொத்த விலைக்கு வாங்குகிறது. நாம் அதே நிறுவனத்தின் 105 என்ற குரூப்செட்டை ஒன்றே ஒன்று, சில்லறை விலைக்கு வாங்குகிறோம். சக்கரம், டயர், ஹேண்டில்பார், சேடில் எல்லாவற்றிலும் இதே கதை. எல்லாப் பாகத்தையும் புதிதாக வாங்கிக் கட்டும் வண்டி, அதே குரூப்செட் உள்ள கடை வண்டியைவிட மலிவாக முடிவது அரிது. ஏற்கெனவே டிஸ்க் பிரேக் வண்டி ஒன்று வைத்திருந்து, அதன் பாகங்களைப் புது ஃபிரேமுக்கு மாற்றுபவருக்கு மட்டும் கணக்கு தலைகீழாகிறது. ரிம் பிரேக் வண்டியிலிருந்து மாறுபவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. சக்கரம், பிரேக், பிரேக் லிவர் மூன்றும் புதிதாக வேண்டும்.

இனி மூன்று வழிகளும் உண்மையாகப் பிரியும் இடம்: பொருத்தம். முழு வண்டி வாங்குபவர், பெடல்களை இணைக்கும் கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட் எந்த வகை என்று கேட்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். கட்டுபவருக்கு அது முதல் கேள்வி. அழுத்திப் பொருத்தும் பிபி86 வகையில், அதைத் தாங்கும் ஃபிரேம் கூட்டின் அகலம் 86.5 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 41 மில்லிமீட்டர்; இந்தத் துளை சற்றே நீள்வட்டமாக இருந்தாலும், இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மிதிக்கும் முனகல் கேட்கும், பேரிங் சீக்கிரம் தேயும். கார்பனில் அந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது பெரிய தொழிற்சாலைகளுக்கே எளிதாக இருந்ததில்லை. அதனால்தான் 2020இல் வந்த டார்மாக் எஸ்எல்7 பழைய மரையுள்ள பிஎஸ்ஏ வகைக்குத் திரும்பியது; டிரெக் நிறுவனம் 2015இல் அறிமுகமான டி47 என்ற அகல மரை வகையை ஏற்றது. மரை இருந்தால் பேரிங்கைத் தாங்குவது தனியாகக் கடைந்த உலோகக் கோப்பை. கார்பனின் துல்லியம் அவ்வளவாகச் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே ஓப்பன் மோல்டில் மரை வகை கிடைத்தால், 50 கிராம் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன். கிராங்கின் அச்சும் வேறுபடும்: ஷிமானோவுக்கு 24 மில்லிமீட்டர், இன்னொரு பாகத் தயாரிப்பாளரான ஸ்ராமின் டப் வகைக்கு 28.99. இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே பாட்டம் பிராக்கெட் வாங்க வேண்டும்.

அடுத்தது ஹேங்கர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெய்லியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃபிரேமைக் காக்கத் தான் வளைவதற்கென்றே இருப்பது. பெயர் தெரிந்த வண்டிக்கு அதைக் கடையில் வாங்கலாம். ஓப்பன் மோல்டு ஃபிரேமுக்கு அதை விற்றவர் ஒருவரே கதி, அவர் கடையை மூடினால் படத்தைக் காட்டித் தேடி அலைய வேண்டும். ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த யுடிஎச் என்ற பொது ஹேங்கர் இதற்கு நல்ல தீர்வு. அது பொருந்தும் ஃபிரேம், மூன்றாவது வழியின் மிகப் பெரிய பலவீனங்களில் ஒன்றைப் போக்கிவிடுகிறது. சக்கரத்தின் நடுவே நுழைந்து ஃபிரேமில் இறுகும் த்ரூ ஆக்ஸிலிலும் கவனம் வேண்டும்: முன்னால் 12 x 100, பின்னால் 12 x 142 மில்லிமீட்டர் என்ற அளவு பொதுவாகிவிட்டாலும் மரையின் இடைவெளி ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். பின் பிரேக்கைப் பொருத்தும் போல்ட்டின் நீளமும் பின் சக்கரத்துக்குப் போகும் குழாயான செயின்ஸ்டேயின் தடிமனைப் பொறுத்தது. சரியான நீளம் கையில் இல்லையென்றால் மொத்த வேலையும் ஒரு போல்ட்டுக்காக நின்றுவிடும்.

கியர் ஒயரும் பிரேக் ஹோஸும் வெளியே தெரியாமல், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதியான ஹெட்செட் வழியே உள்ளே போகும் ஃபிரேம்கள்தான் இன்று கண்ணைப் பறிக்கின்றன. நிறுவனம் கட்டிக் கொடுத்த வண்டியில் அந்த அழகை நாம் இலவசமாக அனுபவிக்கிறோம். நாமே கட்டும்போது, பிரேக் ஹோஸ் மேல் பேரிங்கின் நடுவே நுழைந்து போவதால், பின்னாளில் அந்தப் பேரிங்கை மாற்ற ஹோஸை வெட்டி, மறுபடி பொருத்தி, எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டியிருக்கும். வியர்வையும் மழையும் நேரே இறங்கும் இடம் அது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அந்தப் பேரிங் நெடுநாள் உழைக்கும் என்று நம்பக் கூடாது. ஒயரைக் கீழ்க்குழாயின் பக்கத்தில் நுழைக்கும் பழைய பாணி ஃபிரேம், பார்க்கச் சுமாராக இருந்தாலும், வீட்டில் பராமரிப்பவருக்கு நிம்மதி தரும்.

உள்ளே போகும் பாதையுள்ள ஃபிரேமைத்தான் வாங்குவது என்றால் கியர் மின்னணு வகையாக இருப்பது நல்லது. வளைவுகளில் உரசும் கியர் ஒயர் இயந்திர வகையின் துல்லியத்தைக் கெடுக்கும். ஸ்ராமின் ரைவல் ஏஎக்ஸ்எஸ் முழுக்க ஒயரற்றது என்பதால் கட்டுபவருக்கு மிக எளிது. 2022இல் வந்த ஷிமானோ 105 டிஐ2வில் லிவர்கள் ஒயரற்றவை, டிரெய்லியர்கள் மட்டும், இருக்கையைத் தாங்கும் சீட்போஸ்ட்டுக்குள் இருக்கும் பேட்டரியோடு ஒயரால் இணைகின்றன. எனவே வழக்கமற்ற வடிவிலான சீட்போஸ்ட் உள்ள ஃபிரேமில் பேட்டரியை நிறுத்த இடமுண்டா என்று முன்பே கேட்க வேண்டும். எல்-ட்வூ, வீல்டாப் போன்ற சீன மின்னணு குரூப்செட்டுகள் விலையில் ஈர்க்கின்றன. ஆனால் புது ஃபிரேமையும் புது குரூப்செட்டையும் சேர்த்துப் பரிசோதித்தால், கோளாறு எதில் என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

கட்டுவதன் உண்மையான ஆதாயம் உடலளவில் இருக்கிறது. கடை வண்டி அந்த அளவுக்கென்று நிறுவனம் தேர்ந்த கிராங்க் நீளம், ஹேண்டில்பார் அகலம், பல்சக்கர விகிதம் ஆகியவற்றோடு வருகிறது. உயரம் குறைந்தவருக்கு 165 மில்லிமீட்டர் கிராங்கும் 38 சென்டிமீட்டர் ஹேண்டில்பாரும் வேண்டியிருக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை உட்கார்ந்தபடியே ஏற விரும்புபவருக்கு முன்னால் 34 பல்லும் பின்னால் 34 பல்லும் வேண்டும். இவற்றைப் பிறகு மாற்றினால் புதிய பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்குகிறோம். ஃபிரேமின் ஸ்டாக் (உயரம்), ரீச் (நீளம்) அளவுகளை மட்டும் நேரில் உட்கார்ந்து பார்க்காமல் அட்டவணையிலிருந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது கட்டுபவருக்கு உள்ள சிக்கல். தற்போதைய வண்டியின் அளவை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் பெரும்பாலும் தப்பு நேராது.

பொருத்தும் வேலையில் ஃபோர்க்கின் ஸ்டீரரை வெட்டுவதுதான் திரும்பப் பெற முடியாதது. முதலில் நீளமாக விட்டு, சில வாரம் ஓட்டி, உயரம் பிடிபட்ட பிறகு வெட்டலாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் இறுகும் இடத்துக்கு நேர் உள்ளே, குழாயை உள்ளிருந்து தாங்கும் எக்ஸ்பாண்டர் இருந்தாக வேண்டும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடக் கூடாது. போல்ட்டுகளில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டிய எண்ணே எழுதியிருக்கும். கார்பனும் அலுமினியமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், சீட்போஸ்ட்டைக் கார்பன் பேஸ்ட் தடவிப் பொருத்தி அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் தேர்வு இது. முதல் கார்பன் வண்டி வாங்குபவர் கடை வண்டியையே எடுக்கட்டும். பாகங்கள் கையில் இருந்து, கருவிகளைப் பிடித்துப் பழகியவருக்கு இரண்டாவது வழி நன்றாகப் பொருந்தும். மூன்றாவது வழியை, மரையுள்ள பாட்டம் பிராக்கெட், யுடிஎச், உருண்டையான 27.2 மில்லிமீட்டர் சீட்போஸ்ட், வெளியிலிருந்து நுழையும் ஒயர் ஆகியவை உள்ள, பார்க்கச் சலிப்பூட்டும் ஃபிரேம் ஒன்று கிடைத்தால் மட்டும் எடுக்கலாம். எந்த ஃபிரேமைத் தருவித்தாலும் இரண்டு ஹேங்கர், ஒரு ஜோடி ஹெட்செட் பேரிங், பின் பிரேக் போல்ட், கூடுதலாக ஒரு சீட் கிளாம்ப் ஆகியவற்றை அதே பெட்டியில் வைக்கச் சொல்லி, அவற்றின் விலையையும் விலைப்பட்டியலில் எழுதச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தனியாகத் தருவித்தால் பாகத்தின் விலையைவிட அஞ்சல் செலவே கூடிவிடும்.