குற்றவாளியை மறைக்கும் கதையா, முதலிலேயே காட்டிவிடும் கதையா?
குற்றவாளியைக் கடைசி அத்தியாயம் வரை மறைக்கும் துப்பறியும் நாவலில், தடயங்கள் நம் கண்ணெதிரிலேயே, ஆனால் கவனம் வேறொன்றில் பதிந்திருக்கும் தருணத்தில் வைக்கப்படுவதால், ஒவ்வொருவரையும் மாறி மாறிச் சந்தேகித்து, தவறாக ஊகித்து, முடிவு தெரிந்தபின் பழைய பக்கங்களைப் புரட்டி 'இங்கேயே சொல்லியிருக்கிறாரே' என்று வியப்பதுதான் பெரும் இன்பம். துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த விதி மீறப்பட்டால் அந்த இன்பம் கெட்டுவிடும். இன்னொரு ஆங்கில எழுத்தாளரான ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் கையாண்ட தலைகீழ் வடிவமோ, குற்றத்தைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, எந்தச் சிறு பிழையால் குற்றவாளி அகப்படுவான் என்று காத்திருக்க வைக்கிறது. மறுவாசிப்பில் இவ்வடிவம் அதிகம் இழப்பதில்லை. ஆயினும் ஊகிப்பதற்காகவே படிக்கும் எனக்கு, பாதியில் புத்தகத்தை மூடி ஒரு பெயரைத் தாளில் குறித்துவைக்கத் தூண்டும் முதல் வகையே உயர்ந்ததாகத் தோன்றுகிறது.