செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி வீட்டிலேயே மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கழற்றிய இன்ஜினை வாங்கி நாமே மாட்டினால் கூலி மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இன்ஜின் கடை முற்றத்தில் கிடக்கும்வரைதான் விற்றவர் அதற்குப் பொறுப்பேற்பார். நம் வண்டியில் ஏற்றி போல்ட்டை முறுக்கியாகிவிட்டால், அப்புறம் என்ன கோளாறு வந்தாலும் மாட்டியவன் தலையில்தான் விழும்.

வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல். ஆயில் பம்ப் போய், கிராங்க் பேரிங் தேய்ந்து நின்றுவிட்டது. இந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டதால் கழற்றிய இன்ஜினுக்கு நல்ல கிராக்கி. கேரள எல்லைப் பக்கம் ஒரு கடையில் 72,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். "கேரளாவுல ஆக்சிடென்ட் ஆன வண்டியில இருந்து எடுத்தது சாரே. அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஒரு மாசம் கேரண்டி நான் தாரேன்" என்றார் கடைக்காரர். ஸ்டாண்டில் வைத்து பேட்டரி கொடுத்து ஓட்டியும் காட்டினார். நாங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. கேட்டதற்கு, காலையில் வேறொரு பார்ட்டிக்கு ஓட்டிக் காட்டினாராம்.

மாட்டியது என் மச்சான். சார்ஜாவில் பல வருடம் கேரேஜ் வேலை பார்த்தவர். பழைய இன்ஜினின் பேரிங் தூள் ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும் என்று கூலரைப் புதிதாகவே போட்டார். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவினார். வந்த இன்ஜினில் கியர்பாக்ஸ் உட்காரும் இடத்து டவல் புஷ் (கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்கும் சின்னக் குழல்) இல்லை, அதைப் பழைய இன்ஜின் பிளாக்கில் இருந்து எடுத்துப் போட்டார். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கி கியர்பாக்ஸை இழுத்து உட்கார வைத்தால் கிளட்சும் ஷாஃப்ட் சீலும் சீக்கிரம் போய்விடும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கின் கோட் நம்பரையும் ஸ்கேனர் வைத்து வண்டி கம்ப்யூட்டரில் ஏற்றினோம். டீசல் போகாமல் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். எர்த் வயரைக்கூட விடவில்லை. இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் கடைக்காரர் இவை ஒவ்வொன்றையும் கேட்டார். ஒன்றை விட்டிருந்தாலும் அதிலேயே எங்களை மடக்கியிருப்பார்.

முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காலை பச்சை இன்ஜினில், அதாவது சூடேறாமல் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை, நடுக்கம். சூடானதும் சரியாகிவிடும். நாளாக நாளாக நடுக்கம் கூடியது, தக்கலை ஏற்றத்தில் இழுவையே இல்லை. இதற்கிடையில் இன்ஜினோடு வந்த ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால், பிரித்துப் பார்த்தவர் உள்ளே படிந்திருந்த நைஸ் சேற்றைக் காட்டி, "வண்டி தண்ணிக்குள்ள நின்னதா அண்ணே?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டன் மற்ற மூன்றையும்விட ஒன்றரை மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. அந்த பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரின் மேல்பக்கம் மட்டும் கரி வளையம் அகலமாக இருக்கிறது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெள்ளத்தில் ஓட்டும்போது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது, அதனால் ராட் வளையும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் எத்தனை கார் இப்படிக் கழிந்தது என்று நமக்குத் தெரியும். இது அந்த வெள்ளமோ, அதற்குப் பிந்தைய மழையோ, தண்ணீர் குடித்த இன்ஜின் என்பது மட்டும் உறுதி.

கடைக்காரர் வந்து பார்க்கவே இல்லை. "வீட்டு முற்றத்துல மாமரத்துல கட்டித் தூக்கின இன்ஜினுக்கு நான் எப்படி சாரே பொறுப்பாவேன்?" என்று போனில் கேட்டார். (நாங்கள் வாடகைக்கு எடுத்தது இரும்பு ஸ்டாண்டும் செயின் பிளாக்கும். முற்றத்தில் நிற்பது பலாமரம்.) அவர் கொடுத்த சீட்டில் "ஸ்விஃப்ட் இன்ஜின் 1" என்று மட்டும் இருக்கிறது. இன்ஜின் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. பில் அப்புறம் தருகிறேன் என்றவர் கடைசிவரை தரவில்லை.

பில் இல்லாததால் வரும் சிக்கல் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் மாற்ற வேண்டும். நம்பர் போட்ட பில் இல்லாமல் அங்கே என்ன காட்டுவது? ஆர்சியில் ஒரு நம்பர், பிளாக்கில் ஒரு நம்பர் என்று ஓடினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்களும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே பணம் கொடுக்கும் முன், இன்ஜின் பச்சையாக இருக்கும்போது, கடையிலேயே குளோ பிளக்கை (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்றி நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் உங்களுடையதாக இருக்கட்டும். இன்ஜெக்டரைக் கழற்ற சம்மதித்தால் இன்னும் நல்லது. அந்த ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டு, கிராங்கைக் கையால் சுற்றினால் ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று தெரிந்துவிடும். நான்கும் ஒரே அளவு வர வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ளே, கியர்பாக்ஸ் சேரும் பெல் ஹவுசிங் மூலையில், வயர் கப்ளர் பின்னில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே டீசல் ஊற்றிக் கழுவிவிடுவார்கள், இந்த இடங்களில் சேறு நிற்கும். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் வங்கியில் பணம் போன கணக்கும் வாட்ஸப் பேச்சும் இருப்பதால் நாங்கள் நாகர்கோவிலில் கொடுத்திருக்கிறோம். வண்டியின் பழைய பிளாக் இப்போது சரிசெய்ய லேத்தில் இருக்கிறது. கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், வழக்கு முடியும்வரை சொல்வதாக இல்லை.