தவிட்டு மூடையின் மேற்பகுதியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கோழித்தீன் விலை தாங்காமல் தவிடு தேடித் திரியும் யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனிக்கவும். ஆலை விலையைவிடக் குறைவு என்று வாசலுக்கே வாகனத்தில் கொண்டுவரும் ஒரு வியாபாரியிடம் நாங்கள் சிலர் வாங்கிய மூடைகளில் உமித்தூள் கலந்திருந்தது. அவிழ்த்தவுடன் ஒரு சாண் ஆழத்துக்கு மணமான நல்ல தவிடு. அதுக்குக் கீழே கையை விட்டால் சொரசொரவென்று, விரலில் ஒட்டாத தூள்.

நல்ல தவிட்டில் புரதம் ஏறத்தாழ 12 வீதம், நார் 10 வீதமளவில். உமியில் புரதம் 3 வீதம்தான், நாரோ 40. நூறு கிலோவில் 30 கிலோ உமி கலந்தால் புரதம் 9க்கு இறங்கும், நார் 19க்கு ஏறும். மாட்டைப்போல நாரைச் செரிக்கும் வயிறு கோழிக்கு இல்லை. இரைப்பை நிறையும், சத்துச் சேராது. தீன் கூடுதலாகச் செலவாகும், எச்சம் பெருக்கும், முட்டை சிறுத்துக் குறையும். நோய் என்று மருந்துக்கு ஓடமுதல் மூடையைப் பாருங்கள்.

இறக்கமுதலே சோதியுங்கள். ஒரு அங்குலக் குழாயின் நுனியைச் சரிவாக வெட்டி, மூடையின் அடிவரை குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது வரும். அதைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பொத்துங்கள். எண்ணெய் உள்ள தவிடு கட்டியாக நிற்கும், உமி கலந்தது உதிரும். (எண்ணெய் பிழிந்தெடுத்த தவிடும் உதிரும், அதையும் கேட்டறியுங்கள்.) சுளகில் போட்டுப் புடைத்தால் பருவெட்டான உமி முன்னுக்கு வரும். ஒரு கரண்டித் தவிட்டைத் தண்ணீர்ப் போத்தலில் கலக்கினால் மண் உடனே அடியில் தங்கும். இன்னொரு கரண்டித் தவிட்டில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்தால் நிறைக்காகச் சுண்ணாம்புக்கல் தூள் போட்டிருக்கிறார்கள். முட்டையிடும் பெட்டைக்குக் கல்சியம் தேவைதான், ஆனால் வளரும் குஞ்சுக்கு அது மிஞ்சினால் சிறுநீரகம் பழுதாகும்.

கலப்படமில்லாத தவிடும் பழசானால் ஆகாது. பச்சையரிசித் தவிடு குத்திய நாளிலிருந்தே காறத் தொடங்கும், ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் எண்ணெயைக் கெடுக்கும் நொதியம் அவியும்போதே செயலிழந்துவிடும். மாரிக்கு மூடையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

அதே வியாபாரி தந்த கருவாட்டுத் தூளில் உப்பு வாயில் வைக்கேலாத அளவு. 15 வீதம் உப்புள்ள தூளை நூற்றுக்குப் பத்தாகக் கலந்தாலே தீனில் உப்பு 1.5 வீதமாகும். கோழிக்குத் தேவை 0.3 வீதமளவுதான். தண்ணீரை விடாமல் குடித்து, எச்சம் தண்ணியாய்ப் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குஞ்சுகள் சாகும்.

பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை என்ன விலைக்கும் வாங்காதீர்கள். வெயிலில் காயவிட்டாலும் அவித்தாலும் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு போகாது. தாராவுக்கு இன்னும் மோசம்.

உமி கலந்த மூடையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் குஞ்சுக்கு அறவே போடாதீர்கள். பெரிய கோழிக்கு நூறு கிலோ தீனில் 10 கிலோவுக்கு மேல் சேர்க்காமல், குறைந்த புரதத்துக்கு எள்ளுப் பிண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டுங்கள். மண் தங்கிய மூடை எருக்கும்பிக்குத்தான்.