தாத்தாவின் வால்வ் ரேடியோ: நாலு வருடப் பாவனை

அப்பாயியின் அலுமாரிக்கு அடியில், சாக்கு சுற்றி முப்பது வருடம் கிடந்த ரேடியோ இது. தாத்தா இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் இஞ்சின் பார்த்தவர். தொழிலாளர் லயங்களுக்குக் கரண்ட் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஃபெக்டரியை ஒட்டியிருந்த அவருடைய குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டதால்தான் ரேடியோ வாங்கத் துணிந்திருக்கிறார். சாக்குக்குள் கூடவே ஒரு லைசன்ஸ் புத்தகமும் இருந்தது. ரேடியோ வைத்திருக்கவே வருடாவருடம் காசு கட்டிய காலம் அது. கடைசி முத்திரை 1974. அதற்கப்புறமும் தாத்தா கட்டினாரா என்று கேட்டால் அப்பாயி பேச்சை மாற்றிவிடுகிறார்.

2022 தொடக்கத்தில் பின் அட்டையைக் கழற்றினேன். நனைந்த நாய் வாசம். ஸ்பீக்கர் காகிதத்தின் ஓரம் முழுக்கப் பூஞ்சணம், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மெழுகு பூசிய காகிதக் கண்டென்ஸர்கள் வியர்த்தது போலப் பிசுபிசுத்துக் கிடந்தன. வால்வ் என்கிற கண்ணாடிக் குழாய்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. தாத்தா அதை முப்பது வருடம் போல பாடவிட்டிருக்கிறார், அதில் பெரிதாக எதுவும் கெடவில்லை. கெட்டதில் பெரும்பகுதி சும்மா கிடந்தபோதுதான். எங்கள் மலை ஈரம் அப்படி.

உயிர் இருக்கிறதா என்று பிளக்கில் சொருகிப் பார்க்கத்தான் நானும் போனேன். ஹட்டனில் ஒரு வயதான ரேடியோ பாஸ் (ரிப்பேர்காரர்) போனிலேயே தடுத்துவிட்டார். “தம்பி, மொதல்ல வால்வுல என்ன எழுத்து இருக்குன்னு வாசிங்க.” ஈ.சி.எச். 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்று வாசித்தேன். “ஈ-யா? அப்ப சரி. கொண்டு வாங்க.”

அந்த முதல் எழுத்தில் நிறைய விஷயம் இருக்கிறது. ‘ஈ’ என்றால் வால்வின் இழை 6.3 வோல்ட்டில் எரிவது. அப்படிப்பட்ட பெட்டிகளில் அநேகமாக, வீட்டுக் கரண்ட்டைப் பெட்டியிலிருந்து பிரித்துவைக்கும் டிரான்ஸ்ஃபோமர் இருக்கும். யூ.சி.எச்., யூ.எல். என்று ‘யூ’வில் தொடங்கினால் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் வால்வுகளை வரிசையாகக் கோத்த செட்டாக இருக்கும். அதன் இரும்புச் சட்டத்தில் வீட்டுக் கரண்ட் நேரடியாக நிற்கக்கூடும். தெரியாமல் கை வைத்தால் ஆளையே முடித்துவிடும். எங்களுடையதிலும் பயம் இல்லாமல் இல்லை. உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸருக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

பாஸ் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் முதல் கரண்ட்டைக் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷோட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பித்துக்கொள்ளும். பல்பு மங்கலாக நின்றது. அப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வான ஈ.எல். 84இன் கிரிட்டில், அதாவது பாட்டு உள்ளே நுழையும் முனையில், மீட்டரை வைத்துக் காட்டினார். சைபர் இருக்க வேண்டிய இடத்தில் 9 வோல்ட். முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் கடத்திவிட்டு உயர் வோல்ட்டைத் தடுக்க வேண்டிய சின்னக் கண்டென்ஸர், ஈரம் குடித்துக் கசிந்துகொண்டிருந்தது. இதை விட்டுவைத்தால் அந்த வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து எரிந்துபோகும். பழைய ரேடியோவில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால், நான் இதைத்தான் மாற்றுவேன்.

காகிதக் கண்டென்ஸர் எல்லாவற்றையும் 630 வோல்ட் பொலியெஸ்டருக்கு மாற்றினோம். கரண்ட்டின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கண்டென்ஸருக்குப் பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 100 மைக்ரோஃபராட் வாங்கி வந்து திட்டு வாங்கினேன். ஏ.சி. கரண்ட்டை டி.சி. ஆக்கும் வால்வான ஈ.இசட். 80 தாங்குவது 50 தான். 47ஐப் போட்டோம். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கட். ஈயம் பற்றவைக்கும் கோல் சூடாகும்போது கரண்ட் போய்விடும், வந்தால் பாஸ் சாப்பிடப் போயிருப்பார். ஒரு வார வேலை இரண்டு மாதம் இழுத்தது.

ஸ்டேஷன் காட்டும் முள்ளை இழுக்கும் டயல் நூலுக்குத் தையல் நூலை மெழுகு தடவிப் போட்டது என் யோசனை. ஒரே வருடத்தில் தளர்ந்து முள் வழுக்கியது. இப்போது பின்னல் வகைத் தூண்டில் நூல், அசையவில்லை.

சரி, எதைக் கேட்பது? இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை அப்பாயி கேட்ட பெட்டி இது. இன்று நம் நாட்டு ஒலிபரப்புகள் பெரும்பாலும் எஃப்.எம்.முக்குப் போய்விட்டன, இதில் எஃப்.எம். கிடையாது. சிற்றலையில் பி.பி.சி. தமிழோசையும் 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. மத்திய அலைதான் மிச்சம். இருட்டிய பிறகு தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹேட்ஸில் துலக்கமாக வரும், திருச்சி 936இல் மங்கி மங்கி வரும். வீட்டில் எல்.ஈ.டி. பல்பு போட்டாலோ போன் சார்ஜரைச் சொருகினாலோ இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். கரண்ட் கட் ஆனால் இரைச்சல் போய்விடும்தான், ஆனால் ரேடியோவும் கூடவே போய்விடுகிறதே!

மற்ற நேரத்தில் பின்னாலுள்ள கிராமஃபோன் துளையில் ஒரு புளூடூத் பெட்டியை மாட்டிவிடுகிறேன். (‘யூ’ செட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.) பழைய பாட்டுகளுக்கு அந்தச் சத்தம் தனி. அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி இருக்கும், உச்ச ஸ்தாயி கொஞ்சம் குறைவுதான். செலவும் பெரிதில்லை. 50 வாட் போல இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் போட்டால் மாதத்துக்கு மூன்று யூனிட்.

ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண் வால்வ் மட்டும் மங்கல். புது ஈ.எம். 80க்குக் கேட்ட விலை மற்ற எல்லாச் சாமானையும் விட அதிகம், அதனால் விட்டுவிட்டேன். அப்பாயிக்கு வேறொரு குறை. முன்பெல்லாம் பாட்டுக்கு முந்தி ஒரு ‘ஊம்’ சத்தம் வருமாம், ரேடியோ முழித்துக்கொண்டது அதில்தான் தெரியுமாம். காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்ஸர் போட்ட சத்தம் அது என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடிக்கு முன் ஏரியல் கம்பியைக் கழற்றிவிடுவேன். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பை வைத்துப் பார்த்தேன், ஆடி மழையில் அது நாலு நாளைக்குக்கூடக் காணாது. போன வருடம் கொழும்பு வேலையால் இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. திரும்பி வந்து போட்டால் சிற்றலை, மத்திய அலை மாற்றும் பேண்ட் சுவிட்சில் ஒரே கரகரப்பு, சத்தமும் பாதிதான். பல்பைத் தொடராகப் போட்டு ஒரு மணி நேரம் சூடாக்கிய பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது.

அதிலிருந்து, நான் இல்லாதபோது தினம் அரை மணி நேரம் ரேடியோ போடுவது அப்பாயியின் பொறுப்பு. சூடே அதற்கு மருந்து, அரை மணி போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் கொழும்பிலிருந்து எந்த நேரத்தில் போன் எடுத்தாலும் பின்னால் அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால், “இப்பதான்டா போட்டேன்.”